திரும்பிப் பார்க்கக் கூடாத கரை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். கல்லூரித் தோழிகளோடு கடற்கரைக்குப் போனவள், ஒரு பாறையின் உச்சியில் கடலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறாள். தலைமுடி முகத்தில் பறக்கிறது. சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு அலை எழும்பி நிற்கிறது. அந்த அலை எங்கே விழுந்தது என்பது படத்தில் இல்லை. உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டேன். அவள் எடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது.

"எல்லாருந்தான் ஏறினோம் அம்மா. நான் மட்டுமா?"

"இறங்கு. முதல்ல இறங்கு."

"இறங்கி, மரச்சீனியும் மீனும் தின்னு, பஸ்சிலயும் ஏறியாச்சு. உங்களுக்கு என்னவாக்கும் இப்ப?"

என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அவள் வீடு வந்து சேர்ந்து நாட்களாகியும் நெஞ்சு பழைய நிலைக்கு வரவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்கு இது விளங்கும் என்று நினைக்கிறேன். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கள் ஊர். ரப்பர் மரங்களுக்கு இடையே ஒரு வீடு, அதைச் சுற்றி மரச்சீனி என்கிற மரவள்ளி. என் அம்மா அதற்கு முந்தைய வருடம் இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். திரும்பி வந்த அன்று என்னை வீட்டுக்குள் விடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில், என் தோழியின் வீட்டில், கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தோழியின் அம்மா எனக்கு மரச்சீனி அவித்துத் தந்தாள். நான் தின்றுகொண்டிருந்தபோது எங்கள் வீட்டுத் தெற்குப் பக்கத்தில், எங்கள் ஊரில் இறந்தவர்களை எரிக்கும் இடத்தில், புகை எழும்பியது. தோழி எழுந்து போய் ஜன்னலை அடைத்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அம்மா போனதை நான் பார்க்கவில்லை.

பிறகு வீட்டில் அப்பாவும் நானும். அப்பா ரப்பர் வெட்டப் போவார். விடியுமுன்னே போய், வெயில் ஏறும்போது ரப்பர் பால் மணத்தோடு வருவார். அந்த மணம் அவர் கையில், துண்டில், தலையணையில் எல்லாம் இருக்கும். பேச்சு மட்டும் இருக்காது. எனக்குச் சோறு போட்டுவிட்டு வெளியே போய் நிற்பார். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு உள்ளே வந்து தனியாகச் சாப்பிடுவார்.

ஆடி அமாவாசையை எங்கள் பக்கத்தில் கர்க்கடக வாவு என்போம். இறந்தவர்களுக்குக் கடற்கரையில் சோறு வைத்துப் பலியிடும் நாள். அம்மாவுக்கு அது முதல் வாவு. அப்பாவின் அக்காவை நான் மாமி என்று கூப்பிடுவேன். அவளும் கணவனை இழந்தவள். அவள்தான் ஜீப் பேசி ஏற்பாடு செய்தாள். தோழியும் கூட வந்தாள். அவர்கள் கிறிஸ்தவர்கள், அவர்களுக்கு இந்தச் சடங்கு கிடையாது. ஆனால் நான் யாரிடமும் பேசாமல் ஆகியிருந்த காலம் அது. "இவளுக்கு வாய் திறக்க ஒரு ஆள் வேணுமில்லா" என்று அப்பாவே வேலிக்குப் போய்க் கேட்டார். தோழியின் அம்மா அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையைப் போட்டு அனுப்பினாள்.

ஜீப்பில் டீசலும் ஈரத் துணியும் கலந்த வாடை. சடங்குக்காக முந்தின நாள் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டிருந்ததால் எனக்கு வயிறு கூவியது. தோழி தன் பாவாடை மடிப்பிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்து நீட்டினாள்.

"திங்கப்பிடாது" என்றேன்.

"யாருக்குத் தெரியும்?"

"அம்மைக்குத் தெரியும்."

அவள் வெல்லத்தைத் திரும்ப மடிப்பில் வைத்தாள். அவளும் தின்னவில்லை.

கோட்டுகால் பக்கத்துக் கடற்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. எனக்கு அதுதான் முதல் கடல். ஆனால் கடலைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு ஆட்கள். ஈர வேட்டிகள், அவிழ்த்துவிட்ட முடி, ஊதுவத்திப் புகை, ஓயாத காக்கைச் சத்தம். சடங்கு நடத்துகிற கர்மி எங்களை வரிசையாக மணலில் இருத்தினார். வாழையிலைத் துண்டு, எள், பூ, தர்ப்பை, உருட்டிய சோறு. என் விரலிலும் தர்ப்பை மோதிரம் போட்டார்கள். அது பெரிதாக இருந்தது, நான் விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் கர்மி மலையாளத்தில் உரக்கச் சொன்னார்: இலையைத் தலையில் வைத்துக் கடலில் இறங்க வேண்டும், கடலுக்கு முதுகு காட்டி நின்று பின்பக்கமாகச் சாய்த்துவிட வேண்டும், முங்கிவிட்டு நேரே கரையேறிப் போய்விட வேண்டும். "ஆரும் திரிஞ்ஞு நோக்கருது." யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

"பாத்தா என்ன ஆவும்?" என்று மாமியிடம் கேட்டேன்.

"பாத்தா அவிய போவ மாட்டாவ மக்களே. நம்ம கூடவே வீட்டுக்கு வந்துருவாவ."

அது எனக்குப் பயமாகத் தோன்றவில்லை.

நான் இலையைத் தலையில் தூக்கியபோது அப்பா அதை எடுத்துத் தன் இலையோடு சேர்த்துக்கொண்டார். "கடலு சரியில்ல. நீ மாமிக்க கூட நில்லு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மாமியோ தன் கணவனுக்கான இலையோடு இன்னொரு பக்கம் இறங்கப் போனாள். "நீ அப்பனுக்க கூட வந்துரு மக்களே" என்றாள். இரண்டு பேரும் கூட்டத்துக்குள் மறைந்தார்கள். நான் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். எனக்கு முன்னால் தோழி நின்றாள், மாமியின் துணிப்பையைக் கழுத்தில் மாட்டியபடி. மாற்று வேட்டியும் சேலையும் அதில்தான் இருந்தன.

"எனக்க சோத்த அப்பா கொண்டு போயாச்சு" என்றேன். "அம்மை எடுத்தாளாண்ணு எனக்குத் தெரியாது."

தோழி என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "எனக்கும் தெரியல்ல. எல்லாருக்க முதுகுந்தான் தெரியுது." கொஞ்சம் யோசித்தாள். "உனக்குத்தான பாக்கப்பிடாது? எங்களுக்குச் சட்டமில்லையே. நான் பாத்துச் சொல்லுகேன். எங்கயாவது உயரத்துல ஏறணும்."

கடற்கரையின் தெற்கு ஓரத்தில் ஒரு கரும்பாறை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. அதன் தலையில் செம்மண்ணும் தாழைப் புதரும். ஏறும்போது முகம் பாறையைப் பார்த்துத்தான் இருக்கும், கடல் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும், அதனால் சட்டம் கெடாது என்று அவள் சொன்னாள். அது சரியாகவே பட்டது. சரியாகத்தான் இருந்தது.

அந்த ஏற்றத்தை இன்றும் என் உள்ளங்கால் மறக்கவில்லை. கீழே பாசி வழுக்கியது. நடுவில் சிப்பி ஒட்டிய இடம், கத்திமுனை போல. அவள் முன்னால் ஏறிக் குதிகாலால் இடம் காட்டுவாள், நான் அந்த இடத்தில் கை வைப்பேன். பையின் வார் அவள் கழுத்தை இழுத்தது. "பைய வா. கீழ பாக்காத. மேலயும் பாக்காத" என்றாள்.

"பின்ன எங்கட்டி பாக்க?"

"எனக்க காலப் பாரு."

அவள் காலைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். கணுக்காலில் ஒரு பழைய அட்டைக்கடித் தழும்பு. நெஞ்சுக்கும் பாறைக்கும் நடுவே என் மூச்சு சூடாக அடித்தது. அம்மா போன பிறகு ஒரு வேலையில் நான் அப்படி முழுதாக இருந்தது அதுதான் முதல் தடவை. உச்சியில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். நான் கரையைப் பார்த்து நின்றேன். அவள் எனக்கு எதிரே, கடலைப் பார்த்து. விழாமல் இருக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

"என்ன தெரியுது?"

"வெள்ளம்."

"வெள்ளம் இருக்கும்ணு எனக்கும் தெரியும். பின்ன?"

"ஆளு. காக்கா. இலை ஒண்ணு மிதக்குது. இல்ல, நிறைய மிதக்குது. உனக்கது எதுவாக்கும்?"

"நான் பாக்கல்லியே. எப்பிடிச் சொல்ல?"

"சரி, அம்மை என்ன சாரி உடுத்திருப்பாவ?"

அது எனக்குத் தெரியும். கடைசியில் அம்மாவுக்கு எதை உடுத்தினார்கள் என்று மாமி யாரிடமோ சொல்லக் கேட்டிருந்தேன். "வெள்ளை. பாலராமபுரத்துச் சாரி. ஓரத்துல கசவுச் சரிகை உள்ளது."

தோழி வெகுநேரம் தேடினாள்.

"மக்கா, இஞ்ச நிக்கிய எல்லாரும் அதாக்கும் உடுத்திருக்கு."

"முடி நீளம் உண்டு."

"எல்லாரும் முடிய அவுத்துல்லா விட்டிருக்காவ. கொஞ்சம் பொறு. மூஞ்சி தெரியட்டும்."

அவள் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள். நான் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அப்பாவைக் கண்டேன். மணல்மேட்டில் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. அவருக்கு வெகுதூரம் தள்ளி, இன்னொரு வழியில் மாமி. இரண்டு பேரும் தலையைக் குனிந்து நேரே போனார்கள். நான் மாமியோடு இருப்பதாக அப்பா நினைத்திருக்கிறார். அப்பாவோடு இருப்பதாக மாமி. மற்ற எந்த நாளிலும் ஒருமுறை கழுத்தைத் திருப்பினால் தெரிந்திருக்கும். அன்றைக்குத் திருப்பக் கூடாது.

"அப்பா!" என்று கூப்பிட்டேன்.

அவர் நின்றார். அதை நான் நன்றாகப் பார்த்தேன். தோள் இரண்டும் மேலே ஏறின, யாரோ முதுகில் கை வைத்ததுபோல. திரும்பப் போகிறார் என்று நினைத்தேன். மறுபடியும் கூப்பிட்டேன். அவர் முன்னைவிட வேகமாக நடக்கத் தொடங்கினார். கடைசியில் கிட்டத்தட்ட ஓடி, மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டார்.

கூட்டத்தில் தொலைந்த பிள்ளைக்கு, யாராவது தேடுவார்கள் என்ற நினைப்பாவது இருக்கும். எனக்கு அது இல்லை. அப்பா கேட்டார், கேட்டும் போனார் என்பதை இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன். அழவில்லை. தோழியின் கையை இறுக்கினேன். அவள் வலித்துக் கையை உதற, பை கழுத்திலிருந்து கழன்று, பாறையில் ஒரு தடவை மோதிக் கடலில் விழுந்தது.

"போச்சு" என்றாள் தோழி. "உனக்க மாமி என்னக் கொல்லுவாவ."

இறங்கலாம் என்று அவள் குனிந்து பார்த்தாள். ஏறிய வழியில் இப்போது அலை அடித்தது. அப்படியே நின்றோம். வெயில் ஏறியது. பிறகு மேட்டில் அப்பா தெரிந்தார். ஓடி வந்தார். ஆட்களை இடித்துக்கொண்டு, விழுந்து எழுந்து ஓடி வந்தார். பாறையை அவர் ஏறிட்டே பார்க்கவில்லை. எங்களுக்குக் கீழே கடந்து, என் முதுகுப் பக்கமாக, கடலுக்குப் போனார். நான் அப்போதும் கரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி, உனக்க அப்பா கடல்ல எறங்குயாரு."

"முங்கியதுக்கா இருக்கும்."

"முங்கியதுக்கு இல்ல. நெஞ்சுக்கு வெள்ளம் வந்தாச்சு. வேட்டி போச்சு. ஏட்டி, அலை அடிச்சு விழுந்துட்டாரு. பாரு. திரும்பிப் பாருட்டி!"

நான் திரும்பினேன்.

கடல் அவ்வளவு பெரியது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதில் அப்பாவின் தலை ஒரு தேங்காய் அளவுக்குத் தெரிந்தது. எழுந்தார், விழுந்தார், மறுபடி எழுந்தார். காற்று கரையைப் பார்த்து வீசியதால் அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. என் பெயரை அவர் கூப்பிடவில்லை. அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டேன்லா! இன்னா, திரும்பிப் பாத்துட்டேன்லா! பிள்ளையத் தந்திரு! எனக்கு அவ ஒருத்திதான் உண்டு, தந்திரு!"

நாங்கள் இரண்டு பேரும் அலறினோம். வலைக்காரர்கள் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் பாறையைக் கை காட்டினார். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார். எங்களை இறக்கியது வலைக்காரர்கள்தான்.

மாமி வந்து சேர்ந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தோழியின் கன்னத்தில் அறைந்தாள்.

"வேதக்காரப் பிள்ளைக்குப் பலியிடுகிய இடத்துல பாறையில ஏற என்னட்டி சோலி? அம்மையில்லாத பிள்ளையக் கொண்டு போய்க் கொல்லப் பாத்தியா?"

"நானாக்கும் கேட்டேன் மாமி" என்றேன். "எனக்காக்கும் பாக்க வேண்டியிருந்தது."

"நீ மிண்டாத இரு மக்களே. உனக்கு ஒண்ணும் தெரியாது." பிறகு தோழியிடம், "பை எங்கட்டி?"

தோழி கடலைக் கை காட்டினாள். வீடு வரைக்கும் மாமி நனைந்த சேலையோடு நடுங்கிக்கொண்டே வந்தாள். அப்பாவுக்கு ஜீப்காரர் ஒரு சாக்குத்துணி கொடுத்தார்.

அப்பா ஏன் திரும்பவில்லை என்பதை எனக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழிந்துதான் சொன்னார், நானாகக் கேட்ட பிறகு. "சத்தம் கேட்டுது மக்களே. அலையில வார்த்தை புரியல்ல. கொரலு மட்டும் கேட்டுது. உனக்க அம்மையாக்கும்ணு நெனச்சேன். திரும்பினா கூட வந்துருவாண்ணு சொல்லுவாவல்லா. வரட்டுமேண்ணு ஒரு நிமிஷம் தோணிச்சு. அதுதான் பேடிச்சுப் பயந்து ஓடினேன்." ஜீப் பக்கத்தில் நான் இல்லை என்றதும், தான் திரும்பாத கோபத்தில் அம்மா பிள்ளையைக் கொண்டுபோய்விட்டாள் என்று நினைத்திருக்கிறார். பாறையை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. நாம் பிள்ளைகளைத் தேடும்போதும் அப்படித்தான், நம் பயம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தானே ஓடுகிறோம்.

அன்று மாலையே மாமி வேலிக்குப் போய்ச் சத்தம் போட்டாள். தோழியின் அம்மா பதில் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து தோழி வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். "அந்தப் பிள்ளைக்கு ஒரு கேடு வந்தா பழி நமக்காக்கும்" என்று அவள் அம்மா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அம்மா இல்லாத பிள்ளையைத் திட்டக் கூடாது என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்காகத்தான் அவள் ஏறினாள் என்பதை யாராவது ஒருவர் நம்பியிருப்பார்.

ஆனால் எனக்கு வேறொரு கணக்கு இருந்தது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அப்படியென்றால் அம்மா போயிருக்க மாட்டாள். எங்களோடு வந்திருப்பாள்.

கர்க்கடக மழை விடாமல் பெய்தது. ரப்பர் வெட்டு இல்லை, அப்பா நாள் முழுக்க வீட்டில் இருந்தார். நான் காத்திருந்தேன். பின்கதவை அடைக்க விடவில்லை. சாரல் அடித்து அடுக்களைத் தரை நனைந்தது. பாயில் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்து மற்றப் பாதியை விட்டுவைத்தேன். ஓலையில் மழை விழும் சத்தத்துக்கு நடுவே வேறு ஏதாவது சத்தம் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் மழை கொஞ்சம் விட்டபோது வேலியோரம் மரச்சீனி இலை அசைந்தது. தோழி.

"வந்தாவளா?" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தது அவளுக்கு மட்டும்தானே தெரியும்.

"இல்ல."

"மழையில்லா பெய்யுது. மழை கழியட்டும், வருவாவ."

உள்ளேயிருந்து அவள் அம்மா கூப்பிட்டாள். போய்விட்டாள். மழை கழியும் முன்பே அவள் அப்பாவுக்கு வெள்ளறடை பக்கத்து எஸ்டேட்டில் வேலை கிடைத்து, வீட்டுச் சாமான்களோடு ஒரு லாரியில் போனார்கள். தார்ப்பாய்க்கு அடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையை அசைக்கவில்லை. புருவத்தை உயர்த்தினாள், வந்தாவளா என்பதுபோல. இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அவளை நான் பார்த்ததில்லை. அந்த லாரிக்குப் பின்னால் ரோட்டில் நின்றதுபோல ஒரு தனிமையில் நான் வேறெப்போதும் நின்றதில்லை. என் அம்மா வருவாள் என்று நம்பியவர்கள் உலகத்தில் இரண்டு பேர். அதில் ஒருத்தி போய்விட்டாள்.

அன்று மத்தியானம் அப்பா எனக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு, வழக்கம்போல வெளியே போகத் திரும்பினார். நான் எழுந்துபோய் இன்னொரு கிண்ணத்தை எடுத்துவந்து, என் பக்கத்தில் வைத்து, கஞ்சி ஊற்றினேன். ஓரத்தில் துவையலும் வைத்தேன்.

"அது யாருக்கு?"

"அம்மைக்கு."

அவர் வாசலிலேயே நின்றார்.

"நான் திரும்பிப் பாத்துட்டேன் அப்பா. பாறைக்க மேல நின்னு. பாத்தா வீட்டுக்கு வந்துருவாவண்ணு மாமி சொன்னாவ."

மழை மறுபடி வலுத்தது. அப்பா உள்ளே வந்து எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். அவர் கண் என் கண்ணுக்கு நேராக வந்தது. அதுவரை அவரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. தாடியில் அங்கங்கே நரை இருந்தது.

"நானுந்தான் பாத்தேன் மக்களே" என்றார். "வெள்ளத்துல நின்னு நல்லாப் பாத்தேன். கூப்பிடவுஞ் செய்தேன்." அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ வரல்ல."

அவர் கையை நீட்டி அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, குடிக்கத் தொடங்கினார். கஞ்சி ஆறியிருந்தது. இரண்டு பேரும் தலையை நிமிர்த்தாமல் குடித்தோம். என் கிண்ணம் முதலில் தீர்ந்துவிட்டது. அவர் முடிக்கும்வரை நான் எழும்பவில்லை.